நுங்கு வண்டியும் தாத்தாப்பூவும்: பங்குனி, சித்திரையில் சின்னப் பிள்ளைகளை விளையாட விடுவது எப்படி

இளவேனில் என்றால் சித்திரையும் வைகாசியும் என்று பாடப் புத்தகத்தில் இருக்கிறது. மரங்கள் அதைப் படித்ததில்லை. தூத்துக்குடி மாவட்டத்தில் உடன்குடியை ஒட்டிய எங்கள் பனங்காட்டு ஊரில் மாசி முடியும்போதே வேம்பு தளிர் விட்டுவிடும். பங்குனியில் புங்கம்பூ கொட்டும், பதநீர் இறங்கும். சித்திரையில் நுங்கு. வருஷத்திலேயே பிள்ளைகள் கைக்கு அதிகச் சாமான் வந்து விழுகிற மாதங்கள் இவைதான், அதுவும் காசில்லாமல்.

நான் 29 வருஷம் அங்கன்வாடியில் வேலை பார்த்தவள். ஊரில் இன்றைக்கும் பால்வாடி டீச்சர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஏப்ரல் கடைசியில் சென்னையிலிருந்து பேத்தியும் பேரனும் வந்து இறங்குவார்கள். அவளுக்கு 6, அவனுக்கு 4. போன வருஷம் ஊருக்குக் கிளம்பும்போது மருமகள் கேட்டாள்: "அத்தை, போன் இல்லாம இவங்களை எப்படி ரெண்டு மணி நேரம் வெளிய வச்சிருக்கீங்க? எழுதிக் கொடுங்களேன், எங்க ஃபிளாட்ல எல்லாருக்கும் காட்டுறேன்." அவளுக்காக எழுதியதுதான் இது. ஃபிளாட்டில் இருப்பவர்களுக்கு எது ஒத்துவரும் என்பதையும் அங்கங்கே சொல்லியிருக்கிறேன்.

முதலில் நேரம். காலையில் 9 மணிக்குள், சாயங்காலம் நாலரைக்கு மேல். நடுவில் வேண்டாம். எங்கள் தேரிச் செம்மணல் 10 மணிக்கெல்லாம் அடுப்புச் சட்டி மாதிரி ஆகிவிடும், சென்னை மொட்டை மாடி அதற்குக் குறைந்ததில்லை. வெளியே விடும் முன் ஒரு தம்ளர் மோரோ நீச்சத்தண்ணியோ குடிக்க வைத்துவிடுங்கள். விளையாட்டு நடுவில் எந்தப் பிள்ளையும் "தாகமா இருக்கு" என்று தானாக வந்து சொல்லாது, நாம்தான் அரை மணிக்கு ஒரு தடவை கூப்பிட வேண்டும். உடுப்பு பழையதாக இருக்கட்டும். ஏன் என்று நுங்கிடம் வரும்போது தெரியும்.

இன்னொன்று, இது பெரியவர்களுக்கு. சாமானைக் கொடுத்து ஒரு தடவை செய்து காட்டிவிட்டு நகர்ந்து உட்கார்ந்துகொள்ளுங்கள். பத்து நிமிஷத்தில் பிள்ளை "ஆச்சி, போர் அடிக்குது" என்று வந்து நிற்கும். சரி என்று மட்டும் சொல்லுங்கள், அடுத்த யோசனையை எடுத்து நீட்டாதீர்கள். அது திரும்பிப் போய்த் தானாக ஒன்றைத் தொடங்கும் பாருங்கள், அதற்காகத்தான் இவ்வளவும். இது எனக்குப் பிடிபடவே ஏழெட்டு வருஷம் ஆனது. அதுவரை பால்வாடியில் நானும் விசில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் வரிசையில் நிறுத்தி விளையாட வைத்தவள்தான்.

தண்ணீரில் பெயின்ட்

மூன்று வயதுப் பிள்ளைக்கு முதலில் இதைக் கொடுங்கள். ஒரு சின்ன வாளியில் கால்வாசித் தண்ணீர், ஒரு பிரஷ். பிரஷ் கடையில் வாங்க வேண்டாம். தேங்காய் மட்டையில் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு துண்டு கிழித்து, நுனியைக் கல்லில் வைத்து நசுக்கினால் நார் பிரிந்து பிரஷ் ஆகிவிடும். காம்பவுண்டுச் சுவரைக் காட்டி, "இந்தச் சுவருக்குப் பெயின்ட் அடிச்சுத் தா" என்று சொன்னால் போதும். தண்ணீர் பட்ட இடம் கருத்துத் தெரியும், பிள்ளைக்குப் பெரிய சந்தோஷம். அடுத்த மூலைக்குப் போவதற்குள் முதல் மூலை காய்ந்துவிடும். திரும்ப அடிக்க வேண்டும். முடிவே இல்லாத வேலை, சம்பளமும் இல்லை.

போன சித்திரையில் பேரன் வாசல் கேட்டுக்கும் சுவருக்கும் அடித்து முடித்துவிட்டுத் திண்ணையில் தன் காலைச் சுற்றிக் கோடு போட்டான். கால் தடம் காய்வதற்குள் அக்காவைக் கூட்டி வந்து காட்ட வேண்டும், அதுதான் அவன் பந்தயம். கூப்பிட ஓடுவான், வந்து பார்த்தால் பெருவிரல் மட்டும் மிச்சம் இருக்கும். இப்படி முக்கால் மணி நேரம். நான் சொல்லிக் கொடுத்தது சுவர் வரைக்கும்தான்.

ஃபிளாட்டில் மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவர் பக்கம் விடாதீர்கள். கீழே கார் நிறுத்துகிற இடத்துத் தூண்கள் போதும். வாளித் தண்ணீர் கணுக்கால் அளவைத் தாண்ட வேண்டாம், குளிப்பாட்டும் பெரிய தொட்டி பக்கமே வேண்டாம். தண்ணீர் இருக்கும் இடத்தில் பெரியவர் ஒருவர் கண்ணெடுக்காமல் இருக்க வேண்டும், இதில் மட்டும் நகர்ந்து உட்கார்வது கிடையாது.

நுங்கு வண்டி

இது கொஞ்சம் வேலை. ஆனால் எங்கள் ஊரில் இதை உருட்டாமல் வளர்ந்தவர்கள் யாருமில்லை.

நுங்கு வாங்கும்போதே சொல்லிவிட வேண்டும். நகரத்தில் தள்ளுவண்டிக்காரர்கள் காயைத் துண்டு துண்டாக வெட்டிச் சுளையை மட்டும் எடுத்துக் கொடுப்பார்கள். அந்தத் துண்டுகள் எதற்கும் உதவாது. "அண்ணே, வண்டிக்கு வேணும், மேலாக்க மட்டும் சீவிக் கொடுங்க" என்று கேளுங்கள். தலையை வட்டமாகச் சீவினால் மூன்று கண்ணும் தெரியும். சில காயில் இரண்டுதான் இருக்கும். பெருவிரலை விட்டுத் தோண்டிச் சாப்பிட வேண்டியது. சின்னப் பிள்ளைக்கு நுங்கை முழுதாக வாயில் போட்டுவிடாதீர்கள், வழுக்கித் தொண்டைக்குள் போகிற சாமான் அது. நசுக்கிக் கொடுங்கள். பிள்ளைச் சட்டையில் சாறு பட்டால் கறை போகாது, பழைய உடுப்பு என்று சொன்னது இதற்குத்தான்.

சாப்பிட்டு முடித்த காய்களில் ஒரே அளவாக இரண்டைத் தேர்ந்தெடுங்கள். அளவு மாறினால் வண்டி நேராகப் போகாது, வட்டமடிக்கும். பெருவிரல் தடிமனில் ஒன்றரைச் சாண் நீளத்துக்கு ஒரு கம்பை வெட்டி, இரண்டு நுனியையும் பென்சில் மாதிரி சீவிக்கொள்ளுங்கள். அதுதான் அச்சு. ஒவ்வொரு காயின் நடுவிலும் ஒரு நுனியைக் குத்தி இறக்க வேண்டும். காய் பச்சையாக இருப்பதால் நார் கம்பை நன்றாகக் கவ்விப் பிடித்துக்கொள்ளும். இதெல்லாம் பெரியவர் வேலை, அரிவாளைப் பிள்ளை கண்ணில் படாமல் வையுங்கள்.

அடுத்தது கவைக்கம்பு. வேம்பிலோ புளியிலோ நுனியில் இரண்டாகப் பிரிகிற கம்பு. நீளம் பிள்ளையின் நெஞ்சு உயரம் இருந்தால் சரி. இடுப்பளவே இருந்தால் பிள்ளை குனிந்தே ஓடி முகம் குப்புற விழும். கவையின் உள்பக்கப் பட்டையை உரித்து வழுவழுப்பாக்குங்கள். அந்தக் கவையை அச்சின் நடுவில் வைத்துத் தள்ளினால் வண்டி ஓடும்.

ஓடும், ஆனால் திரும்பும்போது கவை ஒரு பக்கமாக நழுவிச் சக்கரத்தில் உரசும், சக்கரம் கழன்றுகொள்ளும், அழுகை வரும். இதற்கு வழி இருக்கிறது. கவை உட்காரும் இடத்துக்கு இரண்டு பக்கமும் பழைய துணிக் கிழிசலை அச்சில் இறுகச் சுற்றி இரண்டு முண்டு கட்டிவிடுங்கள். கவை அந்த முண்டுகளுக்கு நடுவிலேயே நிற்கும். என் மாமனார் செய்து காட்டிய வித்தை இது, முப்பது வருஷமாகக் கைகொடுக்கிறது.

மணலில் உருட்டாதீர்கள். தேரியில் சக்கரம் புதைந்து நின்றுவிடும். கெட்டித் தரை, சிமெண்ட் தளம், தார் ரோடு இல்லாத தெரு, இவற்றில்தான் பறக்கும். நான்கு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்குத் தள்ளுவது கை வராது. அச்சில் ஒரு கயிறு கட்டி இழுக்கக் கொடுங்கள். அதுவும் வண்டிதான். மூன்று, நான்கு நாளில் காய் வற்றிச் சக்கரம் ஆடத் தொடங்கிவிடும், அப்போது அடுத்த நுங்கு. ஒரு சக்கரத்துக்கு மேலே ஓலைக் கீற்றைச் செருகிக் கொடி ஆக்குவது, உள்ளே புளியம்பூ நிரப்பி லோடு ஏற்றுவது எல்லாம் பிள்ளைகளே கண்டுபிடிக்கும்.

ஒரு வருஷம் பால்வாடியில் நுங்கு வண்டிப் பந்தயம் வைத்துப் பரிசாகப் பென்சில் கொடுத்தேன். பதினெட்டுப் பிள்ளைகளில் ஒன்றுக்குச் சந்தோஷம், மற்றப் பதினேழும் அழுதுகொண்டு வீட்டுக்குப் போயின. அன்றைக்கு அவற்றின் அம்மாமார் என்னிடம் பேசியதை இங்கே எழுத முடியாது. அதற்கப்புறம் பந்தயமே வைத்ததில்லை. இந்த வயதில் எல்லாரும் ஒரே நேரத்தில் ஓடினாலே எல்லாரும்தான் ஜெயித்தது.

பூக்கள்

புங்கமரம் உங்கள் தெருவிலேயே இருக்கும். சென்னையில் நிழலுக்கென்று நிறைய வைத்திருக்கிறார்கள். பங்குனிக் காலையில் அடியில் பொரி கொட்டினது மாதிரி கிடக்கும். சிரட்டையில் அள்ளி, சொப்பில் போட்டுச் சோறாக்கி, வேப்பிலைக் கறி வைத்து, மண்ணில் இட்லி அவித்துப் பரிமாறலாம். ஈர மணலைச் சிரட்டையில் அழுத்திக் கவிழ்த்தால் இட்லி, ஆள்காட்டி விரலால் நடுவில் ஓட்டை போட்டால் வடை. நீங்கள் கூப்பிட்டவுடன் போய்ச் சாப்பிட்டு, "உப்பு கொஞ்சம் கூட" என்று குறை சொல்ல வேண்டும். குறை சொல்லாத விருந்தாளியைப் பிள்ளைகளுக்குப் பிடிக்காது. வாயில் மட்டும் எதுவும் போகக்கூடாது, அதைச் சொல்லிவிடுங்கள்.

வேப்பம்பூ வேலையும் விளையாட்டும் சேர்ந்தது. பழைய வேட்டியை மரத்தடியில் விரித்துவிட்டு நான் தொரட்டியால் கிளையை உலுக்குவேன். பிள்ளைகள் வேட்டிக்கு நடுவில் நின்று தலையில் பூ வாங்கும். அப்புறம் நான்கு பேரும் நான்கு மூலையைப் பிடித்துத் தூக்க வேண்டும், கொட்டாமல் வீட்டுக்குக் கொண்டு வர வேண்டும். நான்கு சின்னப் பிள்ளைகள் ஒரே திசையில் நடப்பது லேசான காரியமில்லை. காய வைத்து ரசத்துக்கு வைத்துக்கொள்வேன். தான் கொண்டு வந்த பூ என்பதால் பேத்தி அந்தக் கசப்பு ரசத்தை முகம் சுளிக்காமல் குடித்தாள். பேரன் குடிக்கவில்லை.

தாத்தாப்பூ தெரியுமா? ரோட்டோரத்தில், காம்பவுண்டு ஓரத்தில், சிமெண்ட் வெடிப்பில்கூட முளைத்துக் கிடக்கும். நடுவில் மஞ்சள், சுற்றி வெள்ளை இதழ், நீளக் காம்பு. வெட்டுக்காயப் பூண்டு என்பார்களே, அது. காம்பை வளைத்துப் பூவின் கழுத்தில் சுற்றிக்கொண்டு, தாத்தாவிடம் காசு கேட்க வேண்டும். தரமாட்டார். பெருவிரலால் ஒரு தட்டு, தலை பறந்து போய் விழும். யார் தாத்தா தலை தூரம் போனது என்று பார்ப்பதுதான் விளையாட்டு. பேரன் முதல் தடவை இதை விளையாடிவிட்டுத் திண்ணையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த தாத்தாவிடம் போய்க் காசு கேட்டான். அவர் விஷயம் தெரியாமல் இல்லை என்று சொல்லிவிட்டார். அப்புறம் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டுதான் உட்கார வேண்டியதாயிற்று.

சித்திரை பாதிக்கு மேல் மயில்கொன்றை பூத்துவிடும். ரோடெல்லாம் சிவப்பாகக் கொட்டிக் கிடக்குமே, அதுதான். விரியாத மொட்டை உரித்தால் ஐந்து மடல், உள்ளே சிவப்பு, வெளியே பச்சை. ஐந்து விரல் நகத்திலும் ஒட்டிக்கொண்டால் புலி. விரிந்த பூவுக்குள் பத்துக் கேசரம் நீட்டிக்கொண்டிருக்கும், நுனியில் கொக்கி மாதிரி ஒரு தலை. ஆளுக்கு ஒன்று எடுத்து, தலையோடு தலை மாட்டி இழுத்தால் ஒன்று கழன்று விழும். சேவல் சண்டை. ஒரு பூவுக்குப் பத்துச் சேவல் என்றால் பிள்ளை எண்ணக் கற்றுக்கொள்ளாமல் என்ன செய்யும்? ஆனால் எண்ணச் சொல்லி உட்கார்த்தாதீர்கள், சேவல் தீர்ந்துபோனால் தானாக எண்ணும்.

இலவங்காய் வெடித்துப் பஞ்சு பறக்கிற மரம் பக்கத்தில் இருந்தால், ஒரு துளி பஞ்சைக் கீழே விழாமல் ஊதிக்கொண்டே ஓடுவது நல்ல விளையாட்டு. மூச்சிளைப்பு உள்ள பிள்ளைகளை அந்தப் பக்கம் விட வேண்டாம்.

பீப்பியும் குயிலும்

பூவரசு இலையில் பீப்பி செய்வது இரண்டு நிமிஷ வேலை. கொழுந்தும் வேண்டாம், முற்றலும் வேண்டாம், நடுத்தரமாக ஒரு இலை. காம்பைக் கிள்ளிவிட்டு ஒரு ஓரத்திலிருந்து இறுக்கமாகச் சுருட்டுங்கள். ஒரு பக்கம் குறுகி ஒரு பக்கம் விரிந்து நாகஸ்வரம் மாதிரி வரும். குறுகின முனையைப் பல்லால் லேசாகக் கடித்துத் தட்டையாக்கி ஊதினால் சத்தம். முதல் தடவை காற்றுதான் வரும், இன்னும் கொஞ்சம் தட்டையாக்குங்கள். சின்ன இலைக்குக் கீச்சுக்குரல், பெரிய இலைக்குக் கட்டைக்குரல். நான்கு பிள்ளைகள் சேர்ந்தால் கல்யாண ஊர்வலம். மத்தியானம் தூங்குகிற அக்கம்பக்கத்தாரிடம் வாங்கிக் கட்டிக்கொள்வது உங்கள் பாடு.

சாமானே வேண்டாத விளையாட்டு ஒன்று இருக்கிறது. இந்த மாதங்களில் விடிகாலையில் குயில் கூவத் தொடங்கிவிடும். சென்னையிலும்தான். கூவுவது ஆண், கறுப்பு, கண் சிவப்பு. பெட்டை புள்ளிபோட்டுப் பழுப்பாக இருக்கும், அது கூவாது, கெக்கெக்கென்று வேறு மாதிரி கத்தும். பிள்ளையை முற்றத்திலோ மாடியிலோ உட்கார வைத்து, குயில் "கூ" என்றதும் அதே சுருதியில் திருப்பிக் கூவச் சொல்லுங்கள். பெரும்பாலும் அது பதில் சொல்லும். நீங்கள் விடாமல் கூவினால் அதற்குக் கோபம் வந்து இன்னும் உரக்க, இன்னும் வேகமாகக் கூவும். பேத்தி ஒரு நாள் எங்கள் வேப்பமரத்துக் குயிலோடு இருபது நிமிஷம் சண்டை பிடித்தாள். கடைசியில் குயில் பறந்து போய்விட்டது, தான் ஜெயித்துவிட்டதாக அவள் இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

நிழல் காணாமல் போகிற நாள்

மத்தியானம் வெளியே விடாதீர்கள் என்றேன். வருஷத்தில் ஒரு நாளைக்கு, 5 நிமிஷத்துக்கு மட்டும் விலக்கு. சித்திரை பிறக்கிற சமயத்தில் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வரும். எங்கள் ஊரில் ஏப்ரல் 11, 12 வாக்கில், மதுரையில் 16 வாக்கில், சென்னையில் 24 வாக்கில். அன்றைக்கு 12 மணி தாண்டிச் சில நிமிஷத்தில், நேராக நிற்கிற எதற்கும் பக்கத்தில் நிழல் விழாது.

மாடியில் ஒரு செம்பு, ஒரு தம்ளர், ஒரு ரூபாய்க் காசு அடுக்கு, பிள்ளையின் பொம்மை, எல்லாவற்றையும் நிறுத்தி வையுங்கள். காலையில் 8 மணிக்கே சாக்பீசால் நிழலைச் சுற்றி வரைந்து வைத்தால் இன்னும் நல்லது. மத்தியானம் போய்ப் பார்த்தால் சாக்பீஸ் கோடு இருக்கும், நிழல் இருக்காது. போன வருஷம் சென்னையிலிருந்து இங்கே கிளம்பி வருவதற்கு முன்னால் மருமகள் வீடியோவில் காட்டினாள். பேரன் குதித்துக் குதித்துப் பார்க்கிறான், குதிக்கும்போது மட்டும் காலுக்கடியில் ஒரு கறுப்பு வட்டம். "ஆச்சி, நிழலை நான் மிதிச்சு வச்சிருக்கேன், அதான் ஓட முடியல" என்றான். செருப்பும் தொப்பியும் கட்டாயம். தரையைத்தான் பார்க்க வேண்டும், சூரியனை அண்ணாந்து பார்க்கவே கூடாது.

சாயங்காலம் இதற்கு நேர் எதிர். நிழல் பனைமர நீளத்துக்கு நீண்டுவிடும். அடுத்தவர் நிழலின் தலையை மிதிப்பது விளையாட்டு. யாரையும் யாரும் தொடுவதில்லை, அதனால் அடிதடி இல்லை. மணல் இருந்தால் கிச்சு கிச்சுத் தாம்பாளம். மணலை ஒரு முழ நீளத்துக்கு வரப்பு மாதிரி குவித்து, அதற்குள் குச்சியை ஒளித்து, எங்கே இருக்கிறது என்று அடுத்தவர் கை கோத்துப் பொத்த வேண்டும். சின்னப் பிள்ளைக்குத் துண்டுக் குச்சி வேண்டாம், உள்ளங்கை அளவு சிரட்டைத் துண்டை ஒளியுங்கள்.

ஏன் உள்ளங்கை அளவு என்று சொல்கிறேன் என்றால், பால்வாடியில் ஒரு வருஷம் புளியங்கொட்டையைக் கொடுத்துப் பல்லாங்குழி மாதிரி விளையாட விட்டேன். மூன்று வயதுப் பையன் ஒருத்தன் ஒன்றை மூக்குக்குள் ஏற்றிவிட்டான். எடுக்கிறேன் என்று கொண்டை ஊசியைக் கையில் எடுத்தேன், நல்லவேளை அவன் பாட்டி வந்து தடுத்தாள். ஊசி, பட்ஸ் எதையும் உள்ளே விடாமல் நேரே டாக்டரிடம் கொண்டு போனோம். அவர் கருவியால் எடுத்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. அன்றிலிருந்து ஐந்து வயது ஆகும் வரை கொட்டை, மணி, கோலி எதுவும் என் விளையாட்டில் கிடையாது.

தொடக்கூடாத செடிகளைப் பிள்ளைக்கு நேரில் கூட்டிப்போய்க் காட்டிவிடுங்கள். அரளி, எருக்கு, ஆமணக்கு, காட்டாமணக்கு, வேலியில் சிவப்பும் கறுப்புமாகத் தொங்கும் குன்றிமணி. குன்றிமணி பார்க்க அழகு, விதை கொடிய விஷம். எருக்கம்பால் கண்ணில் பட்டால் பெரிய தொந்தரவு. எல்லாச் செடியையும் தொடாதே என்றால் பிள்ளை எதையும் கேட்காது. ஐந்தே பெயர் என்றால் ஞாபகம் வைத்துக்கொள்ளும்.

உள்ளே வந்ததும் கால் கழுவி, விரல் இடுக்கில் முள் இருக்கிறதா என்று பார்த்து, பாக்கெட்டைக் கவிழ்த்துவிடுங்கள். பாக்கெட்டை நான் ஒரு தடவை பார்க்கத் தவறினேன். போன வருஷம் ஊருக்குப் போகிற அன்று பேரன் தன் நுங்கு வண்டியைக் காரின் பின்பக்கம், துணிப்பைக்கு அடியில், யாருக்கும் தெரியாமல் வைத்துவிட்டான். பாக்கெட்டில் வேறு ஒரு பிடி மயில்கொன்றை மொட்டு. நான்காவது நாள் மகன் போன் பண்ணினான். "அம்மா, கார் பூரா எறும்பு, ஒரு புளிச்ச வாடை வேற. எங்கருந்து வருதுன்னே தெரியல." பின்னால் பேரன் குரல் கேட்டது: "ஆச்சி, சொல்லிராதீங்க."

நான் சொல்லவில்லை.